முத்துச்செல்வி பேருல ஒரு தெரு

ஆலங்கிணறுங்கிற ஊருல மாவுமில் தெருன்னு ஒரு தெரு, அந்தத் தெருவுல முப்பத்தெட்டு வீடு, முப்பத்தெட்டு வீட்டுக்கும் சேத்து ஆஸ்பத்திரியில ஒரே ஒரு பேரு, முத்துச்செல்வி. காய்ச்சல் யாருக்கு அடிச்சாலும் முத்துச்செல்விக்குத்தான் அடிச்சுது, கால் யாருக்கு முறிஞ்சாலும் முத்துச்செல்விக்குத்தான் முறிஞ்சுது, பிள்ளை யாரு பெத்தாலும் பெத்தவ முத்துச்செல்விதான். ஆனா நெசமான முத்துச்செல்வி, அதாவது தெருவோட கிழக்குக் கோடியில ஜாக்கெட் தைச்சுப் பிழைச்ச முத்துச்செல்வி, பெத்தது செண்பகான்னு ஒரே ஒரு மகளை. உடம்புக்குன்னு படுத்ததும் கொஞ்சம்தான்.

இது எப்படி ஆரம்பிச்சுதுன்னு கேட்டா, பெரிய டாக்டர் ஆஸ்பத்திரியில ஞானதிரவியம்னு ஒரு கம்பவுண்டர் உண்டு, அவருகிட்ட இருந்துதான் ஆரம்பிச்சுதுன்னு சொல்லணும். புதுசா ஒரு ஆளு வந்தா உடனே டாக்டரைப் பாத்திர முடியாது. ஞானதிரவியம் அண்ணாச்சி முன்னாடி உக்காந்து ஃபைல் போடணும். தாத்தாவுக்கு சர்க்கரை உண்டுமா, பாட்டிக்கு உண்டுமா, பாட்டியோட தங்கச்சி எதுல செத்தா, சாகும்போது வயசு என்ன, சாப்பிட்டுச் செத்தாளா சாப்பிடாம செத்தாளான்னு வரிசையா கேப்பாரு. ஒருக்கா ஒரு கட்டட மேஸ்திரி வயித்துவலின்னு வந்து உக்காந்து தன் பூட்டி செத்த கதையைச் சொல்ல ஆரம்பிச்சாரு. அது சொத்துத் தகராறுல செத்த பூட்டி, கதை சாயங்காலம் வரைக்கும் போச்சு. பின்னால பெஞ்சில உக்காந்திருந்த ரெண்டு பேருக்குக் கதை கேட்டே காய்ச்சல் விட்டு வீட்டுக்குப் போயிட்டாங்க, மேஸ்திரிக்கும் வயித்துவலி மறந்துபோச்சு. அண்ணாச்சி மட்டும் ஃபைலை முடிச்சு அலமாரியில வச்சுட்டுத்தான் எந்திரிச்சாரு.

அப்படிப்பட்ட ஆஸ்பத்திரிக்கு, முப்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு மார்கழிக் காலையில, பக்கத்து வீட்டுப் புஷ்பக்கனிக்கு இழுப்பு வந்து மூச்சு முட்டுதுன்னு முத்துச்செல்வி அவளைத் தாங்கிக்கிட்டுப் போனா. பேரு என்னன்னு அண்ணாச்சி பேனாவைத் திறந்தாரு. முத்துச்செல்வி பாத்தா, புஷ்பக்கனிக்கு உதடு நீலம் பூத்துக்கிட்டு இருக்கு. இவருக்குப் பாட்டியோட தங்கச்சி வரைக்கும் பதில் சொல்லி முடிக்க மூச்சு பொறுக்குமா? முத்துச்செல்வின்னு சொல்லிட்டா. அந்தப் பேருக்கு ஃபைல் ஏற்கனவே இருந்துச்சு, அப்படியே உள்ளே கூப்பிட்டுட்டாங்க. பெரிய டாக்டர் முகத்தைப் பாத்து மருந்து குடுக்கிறவரு, முன்னால எந்த ஃபைல் இருக்கோ அதுல எழுதுறவரு. புஷ்பக்கனி பிழைச்சா. மறுநாளே இந்தச் சங்கதி தெரு முழுக்கத் தெரிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் மாவுமில் தெருவுல இருந்து யாரும் புது ஃபைல் போட்டதே கிடையாது, மீசை வச்ச ஆம்பளைங்க கூட கூசாம முத்துச்செல்வின்னு பேரு குடுத்து நேரா உள்ளே போயிருவாங்க. அண்ணாச்சியும் நிமிந்து பாத்தது கிடையாது. ஃபைல் இருக்கா, இருக்கு, அவ்வளவுதான் அவருக்கு.

இது இப்படியே ஓடிருக்கும், நியூசிலாந்துன்னு ஒரு தேசம் இல்லாம இருந்திருந்தா.

செண்பகா கல்யாணம் கட்டி அங்க போய் நாலு வருஷம். அந்த நாலு வருஷமும் முத்துச்செல்வி போனைத் தூக்கிப் பிடிச்சுப் பேசத் தெரியாம பேசுனதுல, மகளுக்கு அம்மான்னா ஒரு நெத்தியும் அதுக்கு மேல சுத்துற ஃபேனும்தான். ஒருநாள் அவ, எனக்கு நெத்தி போதாதும்மா, நீ முழுசா வேணும்னு சொல்லி, நிரந்தரமா அங்கேயே வந்து இருக்கிற மாதிரி விசாவுக்கு எழுதிப் போட்டா. அது ஒரு தடவை திரும்பி வந்து, மறுபடி எழுதி, இப்பத்தான் ஒரு வழியா கடைசி வாசலுக்கு வந்து நிக்குது. அடுத்த வாரம் வியாழக்கிழமை சென்னையில ஒரு டாக்டர் முத்துச்செல்வியோட உடம்பை முழுசாப் பாப்பாரு. அவரு சரின்னா விசா, இல்லேன்னா இல்ல, இதுக்கு மேல எழுதிப் போடவும் வழி கிடையாது. தையல் மிஷினைக் குடுத்தாச்சு, வீட்டையும் காலி பண்ணித் தாரேன்னு சொல்லியாச்சு. முத்துச்செல்வி பகல்ல ஒத்தையில உக்காந்து மகளோட கொண்டையில பூ வைக்கிற மாதிரி கையை அசைச்சுப் பாத்துக்கிட்டது புஷ்பக்கனிக்கு மட்டும்தான் தெரியும், ஜன்னல் வழியா பாத்தவ அவ ஒருத்திதான்.

செண்பகா கண்டிப்பாச் சொன்னது ஒண்ணுதான். "உனக்கு என்ன சீக்கு, என்ன மாத்திரை, எது ஒத்துக்காது, எல்லாம் பேப்பர்ல இருக்கணும்மா. அதைக் கையோட சென்னைக்கும் கொண்டுபோ, இங்கேயும் கொண்டா. இங்க பேப்பர் இல்லாம தலைவலிக்குக் கூட தர மாட்டாங்க."

முத்துச்செல்விக்கு இருந்தது மூணே மூணு. தைராய்டுக்கு ஒரு மாத்திரை, பிரஷருக்கு அரை மாத்திரை, அப்புறம் பென்சிலின் ஊசி ஆகாது. ஒருக்கா அந்த ஊசியைப் போட்டு மூஞ்சி பரங்கிக்காய் மாதிரி வீங்கி, தொண்டை அடைச்சு, போற உசிரைப் பிடிச்சு இழுத்தாரு பெரிய டாக்டர். அன்னைக்கே சிவப்பு மையில கொட்டை எழுத்துல எழுதி வச்சாரு. அந்த ஒரு வரி கையில இல்லாம கண்காணாத தேசத்துக்குப் போனா, நல்ல மனசோட ஒரு டாக்டர் ஊசி போட்டே ஆளை முடிச்சிருவாரு. அதனால வெள்ளிக்கிழமை காலையில முத்துச்செல்வி ஆஸ்பத்திரிக்குப் போயி, அண்ணாச்சி, என் ஃபைலைத் தாங்கன்னு கேட்டா.

அண்ணாச்சி கொண்டுவந்து வச்சது ஏழு கட்டு. சேலைக் கிழிசலால கட்டி, அம்மிக்கல்லு கனத்துல. பிரிச்சுப் படிச்சா, முத்துச்செல்வி, பெண், முப்பத்திநாலு வயசு, அடுத்த வாரமே அறுபத்தொரு வயசு, அதுக்கடுத்த மாசம் ஒன்பது வயசு, வாயில காசை முழுங்கிட்டா. பிரசவம் பதினேழு. குடலிறக்க ஆபரேஷன் ஒண்ணு. தென்னை மரத்துல இருந்து விழுந்தது ரெண்டு தடவை. நாய்க்கடி ஒன்பது, அதுல ஆறு ஒரே நாய். தீபாவளிக்கு மறுநாள் தேதியில, மீசையில் தீக்காயம். அதுக்கு நடுவுல எங்கேயோ அந்தச் சிவப்பு மை வரி.

இதையா தூக்கிட்டுப் போறதுன்னு முத்துச்செல்வி மலைச்சு நின்னா. ஆனா அண்ணாச்சிக்கு, முப்பது வருஷத்துல தன் ஃபைலு ஒண்ணு கடல் தாண்டப் போகுதுன்னா அது என்ன சாதாரணமா? முறையா ஒரு சான்று எழுதுனாரு, "இதிலுள்ள நோய்கள் யாவும் மேற்படி முத்துச்செல்விக்கே உரியவை"ன்னு. கண்ணு மங்கிப்போன பெரிய டாக்டர் தடவிப் பாத்துக் கையெழுத்துப் போட்டாரு. அண்ணாச்சி சீலை எடுத்து மையில ஒத்தி, ஊதி, டொக்குன்னு குத்துனாரு.

அந்த டொக்குக்கு மாவுமில் தெருவுல, செருப்பை எடுக்கக் குனிஞ்சு முதுகைப் பிடிச்சுக்கிட்டு நின்ன சங்கரபாண்டி, ரிட்டயர்டு பஸ் டிரைவரு, வில்லு மாதிரி நிமிந்தாரு. சம்மணம் போட்டு உக்காந்த ஆவுடைத்தாய், மருமகளைக் கூப்பிடாம தானா எந்திரிச்சு, எந்திரிச்சுட்டோமேன்னு மறுபடி உக்காந்து, மறுபடி எந்திரிச்சா. தமிழ் வாத்தியாரு காலையில இருந்து அஞ்சாவது தடவையா கொல்லைக்குப் போகக் கிளம்பி, எதுக்குக் கிளம்புனோம்னு மறந்து நின்னாரு. புஷ்பக்கனி அடுப்படியில சும்மா ஒரு மூச்சு இழுத்தா, அது உள்ளே போயிக்கிட்டே இருந்துச்சு, போயிக்கிட்டே இருந்துச்சு, இவ்வளவு இடம் நமக்குள்ள இருந்துச்சான்னு அவ கையில கரண்டியோட நின்னுட்டா.

சீக்குங்க எல்லாம் சீல் குத்துன பேருக்குக் கிளம்பிருச்சு. ஆறிப்போன சீக்கு பழைய காலண்டர் மாதிரி தாள்லயே கிடந்துச்சு, செத்தவங்க சீக்கு செத்தவங்களோட போயிருந்துச்சு, நடப்புல இருந்தது மட்டும்தான் வந்துச்சு. வந்ததும் மொத்தமா வந்து விழல. முப்பது வருஷம் அந்த ஆஸ்பத்திரி பெஞ்சில உக்காந்து பழகுன சீக்குங்க இல்லையா, டோக்கன் போட்டு வரிசையா வந்துச்சு. ஒண்ணு உள்ளே இருக்கையில இன்னொண்ணு எட்டிக்கூடப் பாக்காது. முத்துச்செல்வி ஏழு கட்டையும் மடியில வச்சு ஆட்டோவுல உக்காந்ததுமே முதல் டோக்கன் ஆவுடைத்தாயோட முட்டுவலி. இறங்கும்போது அது வணக்கம் சொல்லாத குறையா எந்திரிச்சுப் போச்சு, சங்கரபாண்டியோட முதுகுவலி வந்து உக்காந்துச்சு.

தெருவுல யாருக்கும் இதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்ல. பேரு யாருக்கோ சீக்கும் அவங்களுக்குத்தானேன்னு ஒரு நியாயம் இருக்கத்தான் செஞ்சுது. முத்துச்செல்விக்கு முடியலையேன்னு முறைபோட்டுச் சோறு குடுத்துவிட்டாங்க. சுவத்துல ஒரு தாளை ஒட்டி, காலை எட்டுக்கு முட்டி, பத்துக்கு முதுகு, பன்னெண்டுக்கு வாத்தியாரு சர்க்கரை, சாயங்காலம் ஆறுக்கு இழுப்புன்னு ரயில்வே டைம் மாதிரி எழுதி வச்சாங்க, பாக்க வர்றவங்க நேரம் தப்பி வந்துரக் கூடாது பாருங்க. மாவு மில்லுக்காரரு வந்து, தனக்குப் புதுசாப் பல்லுவலி ஆரம்பிச்சிருக்கு, டோக்கன் காலி இருக்கான்னு கேட்டு வாங்கிக் கட்டிக்கிட்டுப் போனாரு.

பாக்க வந்தது யாரை? முத்துச்செல்வியை இல்ல. அவங்கவங்க சீக்கை. ஆவுடைத்தாய் எட்டு மணிக்கு முன்னாடியே எண்ணெய்க் கிண்ணத்தோட வந்து உக்காந்து, முத்துச்செல்வி முட்டியைத் தடவிக்கிட்டே, இது வடக்க பாத்து நீட்டுனாத்தான் அடங்கும், வெந்நீரு சூடு பத்தலேன்னா கோவிச்சுக்கும், பதினெட்டு வருஷமா நான் முகம் சுளிக்க விட்டதில்லன்னு சொல்லிக் கண்ணைத் துடைச்சுக்கிட்டா. சங்கரபாண்டி, ஏம்மா பஞ்சு மெத்தையில சாய்ஞ்சு என் முதுகுவலியைக் கெடுக்குறியே, அது டிரைவர் சீட்டுல வளந்ததுன்னு சண்டைக்கு வந்தாரு.

ரெண்டு நாளு எல்லாருக்கும் குஷி. மூணாம் நாளு ஞாயித்துக்கிழமை, தெருவே பேச்சு மூச்சில்லாம கிடந்துச்சு. உடம்பு எப்படி இருக்குன்னு ஒருத்தரு கேக்க, நல்லா இருக்குன்னு இன்னொருத்தரு சொல்ல, அதோட பேச்சு முடிஞ்சுபோச்சு. முன்னெல்லாம் அந்த ஒரு கேள்விக்கு ஒரு மத்தியானம் ஓடும். பஸ்ஸுல சங்கரபாண்டிக்கு எந்திரிச்சு இடம் குடுக்க ஆளில்ல. கல்யாண வீட்டுல தமிழ் வாத்தியாரு இலையில ஜாங்கிரி வச்சாங்க, சர்க்கரை இருக்கு வேண்டாம்னு கையைத் தடுத்து, ஒண்ணே ஒண்ணு சாரேன்னு கெஞ்ச வச்சு, சரி உங்களுக்காகன்னு தின்னா இருக்கிற ருசி, சும்மா எடுத்துத் தின்னா வரல. ஆவுடைத்தாய் மருமகளோ, அத்தை நல்லாத்தானே இருக்கீங்க, தண்ணிக்குடத்தை நீங்களே எடுத்துருங்களேன்னு சொல்லிட்டா. ஆவுடைத்தாய்க்கு அது இடி விழுந்த மாதிரி.

முத்துச்செல்விக்கு இது எதுவும் காதுல ஏறல. அவளுக்கு வியாழக்கிழமைதான் காதுல அடிச்சுக்கிட்டு இருந்துச்சு. சென்னை டாக்டரு குழாயை வச்சுப் பாக்கிற நேரத்துல எந்த டோக்கன் உள்ளே இருந்தாலும் கதை முடிஞ்சுது. ஏழு கட்டுல தன் தாளை மட்டும் கிழிச்சு எடுத்துக்கிட்டுப் போயிரலாமான்னு திங்கக்கிழமை அண்ணாச்சியைக் கூப்பிட்டுக் கேட்டா. அவரு பதறிப்போனாரு. கிழிக்கவே கூடாது, விலாசம் இல்லாத சீக்கு எந்த வீட்டுக்குள்ள வேணும்னாலும் நுழைஞ்சுரும், போன வீட்டுல டோக்கன் முறையெல்லாம் பாக்காதுன்னாரு. ஒரே வழிதான். சீக்குக்குச் சொந்தக்காரங்க தானா வந்து, இது என்னுதுன்னு வாயால சொல்லி, தன் சொந்தப் பேரைக் குடுக்கணும். அவரு முத்துச்செல்வி பேரை அடிச்சுட்டு அந்தப் பேரை எழுதி சீல் வச்சா, சீக்கு திரும்பிப் போயிரும். வற்புறுத்தி வாங்க வச்சா செல்லாது.

அண்ணாச்சி சீலும் மைப்பெட்டியுமா முத்துச்செல்வி வீட்டு முன்னறையில உக்காந்துட்டாரு. இவ யாரையும் கூப்பிடல. எந்த மூஞ்சியோட கூப்பிடுறது, உன் வலியை நீ வாங்கிக்கோன்னு?

ஆனா அவங்களா வந்தாங்க. முதல்ல ஆவுடைத்தாய்தான், மருமக பாக்கட்டும்னு தெரு நடுவுலயே நடந்து வந்து, ஆவுடைத்தாய், என் முட்டுவலி, ரெண்டு முட்டியும், வலது கொஞ்சம் கூடன்னு கணீர்னு சொன்னா. சீல் விழுந்ததும் அம்மான்னு முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்தா பாருங்க, அந்த முகத்துல இருந்த நிம்மதி! அப்புறம் சங்கரபாண்டி. அப்புறம் வாத்தியாரு, வரும்போதே ஒரு ஜாங்கிரியைத் தின்னு முடிச்சுட்டு வந்தாரு. அவ்வளவு பேரையும் விடாம அண்ணாச்சி, தாத்தாவுக்கு உண்டுமா, பாட்டிக்கு உண்டுமான்னு கேட்டாரு. முப்பது வருஷமாத் தப்பிச்சவங்க எல்லாரும் அன்னைக்கு வட்டியும் முதலுமா உக்காந்து பதில் சொன்னாங்க. செவ்வாக்கிழமை மத்தியானத்துக்குள்ள தெருவுல முக்கலும் முனகலும் திரும்பி வந்து, மனுசங்க மறுபடி ஒருத்தரை ஒருத்தரு விசாரிச்சுப் பேச ஆரம்பிச்சாங்க. சுவத்துத் தாள்ல ஒவ்வொண்ணா அடிச்சு அடிச்சு, மிச்சம் ஒரே ஒரு வரி நின்னுச்சு. சாயங்காலம் ஆறு, இழுப்பு.

புஷ்பக்கனி வரல.

அவ இந்த நாலு நாளும் என்ன செஞ்சான்னா, ஊருக்கு மேக்க இருக்கிற குன்றுல முருகன் கோயிலுக்கு நானூறு படி ஏறுனா, முதல் நாளு ஒரு தடவை, மறுநாளு ரெண்டு தடவை. சாமி கும்பிட இல்ல, ஏறுறதுக்காக ஏறுனா. தண்ணி லாரி வந்தப்போ அதோட டிரைவரைத் தெருக்கோடிக்குக் கேக்கிற மாதிரி திட்டுனா. முன்னெல்லாம் பாதித் திட்டுல மூச்சு வாங்கி நிறுத்திருவா, லாரிக்காரன் தப்பிச்சுருவான்.

செவ்வாக்கிழமை ஆறு மணிக்கு இழுப்பு வந்து முத்துச்செல்வி கட்டில் விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு இருக்கையில, புஷ்பக்கனி உள்ளே வந்து எதிர்ல உக்காந்தா. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்தா.

"முன்னால குனிஞ்சு உக்காருங்க மதினி. நிமிந்தா இன்னும் இழுக்கும்."

முத்துச்செல்வி குனிஞ்சா.

"நான் இதை வெளியில இருந்து பாத்ததே இல்ல," புஷ்பக்கனி சொன்னா. "இவ்வளவு அசிங்கமாவா இருக்கும்?"

"உனக்கு வரும்போது," முத்துச்செல்வி மூச்சைப் பிடிச்சுப் பிடிச்சுச் சொன்னா, "நாக்கு வேற தொங்கும்."

புஷ்பக்கனி சிரிச்சா. சிரிப்புக்கு நடுவுல மூச்சு வாங்காம சிரிக்கிறதைத் தானே கேட்டுட்டு டக்குன்னு நிறுத்துனா. அப்புறம் தரையைப் பாத்துக்கிட்டு, தான் கேக்கவும் வரல குடுக்கவும் வரல, சும்மா பாத்துட்டுப் போக வந்தேன்னா. வெத்தலைப் பெட்டியைத் திறந்து திறந்து மூடுனா.

"மல்லாக்கப் படுத்துத் தூங்குனேன் மதினி. முப்பது வருஷமா சுவத்துல சாய்ஞ்சு உக்காந்தே தூங்குன ஆளு நான். என் வீட்டுக் கூரையில எத்தனை உத்தரம்னு இப்பத்தான் எண்ணுனேன். ஏழு."

முத்துச்செல்விக்கு அதுக்கு மேல என்ன கேக்கத் தோணும்? வியாழக்கிழமைன்னு ஒரு வார்த்தை தொண்டை வரைக்கும் வந்துச்சு. வெளிய வந்தது, "ஏழா, எங்க வீட்டுல அஞ்சுதான்"ங்கிறது மட்டும்தான். புஷ்பக்கனி எந்திரிச்சுப் போனா.

புதன்கிழமை விடிஞ்சதும் முத்துச்செல்வி மகளுக்குப் போன் போட்டா, நான் வரல, டிக்கெட்டுக்கு ஏற்பாடு பண்ணாதேன்னு சொல்லத்தான். ஆனா சொல்ல வந்ததைச் சொல்ல முடியாம, சுத்தி வளைச்சு, தெருவுல ஆளாளுக்கு ஸ்வெட்டர் குடுத்திருக்காங்க, அதையெல்லாம் யாருக்குக் குடுக்கிறதுன்னு ஆரம்பிச்சா. செண்பகாவுக்கு வேலைக்குப் போற அவசரம். ஸ்வெட்டரெல்லாம் இப்போ வேண்டாம்மா, நீ வந்து இறங்குற மாசம் இங்க வெயிலு மண்டையைப் பிளக்கும், பருத்திச் சேலையா எடுத்துவையின்னா.

"மார்கழியிலயா?"

"ஆமா, இங்க எல்லாம் தலைகீழு. உங்களுக்கு மார்கழின்னா எங்களுக்கு அக்கினி நட்சத்திரம். ஆடியிலதான் குளிரு."

முத்துச்செல்வி போனை வைக்கக்கூட இல்ல. மக அந்தப் பக்கம் அம்மா, அம்மான்னு ஃபேனைப் பாத்துக் கூப்பிட்டுக்கிட்டு இருக்க, இவ செருப்பில்லாம புஷ்பக்கனி வீட்டுக்குள்ள போயி, ஏட்டி, உன் இழுப்பு எந்த மாசம் வரும்னு கேட்டா.

புஷ்பக்கனிக்கு அழுகை வந்துருச்சு, வாங்கிக்கோன்னு கேக்கத்தான் வந்திருக்கான்னு நினைச்சுட்டா. குடுத்துருங்க மதினி, நானே வரணும்னுதான் இருந்தேன், படி இறங்குறேன், அதுக்கு மேல கால் நகர மாட்டேங்குதுன்னு முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டா. அழுகையை அப்புறம் வச்சுக்கோ, மாசத்தைச் சொல்லுன்னு முத்துச்செல்வி அதட்டுனா. ஐப்பசி மழையில ஆரம்பிச்சு, மார்கழி பனியில ஆளைக் கொன்னு, மாசி வரைக்கும் இழுக்கும். பங்குனி வெயில் வந்துட்டா அடங்கிரும், எப்பவாவது லேசா எட்டிப் பாக்கும், அவ்வளவுதான். ஆடியிலயா? ஆடியில எதுக்கு வருது, அனல் காத்துல அது வாயைத் திறக்காது.

ரெண்டு பேரும் அண்ணாச்சி முன்னாடி காலண்டரை விரிச்சு உக்காந்தாங்க. அந்த ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இட்லிக்கொப்பரை போகும் வரும், ஏணி போகும் வரும், காஸ் சிலிண்டரு போகும் வரும், ஒரு தங்கச் சங்கிலி எது யாருதுன்னு மறந்துபோற அளவுக்குப் போயி வந்துக்கிட்டு இருந்துச்சு. ஒரு இழுப்பு போயிட்டு வரக் கூடாதா? இங்க குளிரும்போது அது அங்க இருக்கட்டும், அங்க குளிரும்போது இங்க வந்துரட்டும். ரெண்டு பக்கமும் வெயிலாப் பாத்துப் பாத்து நிப்பாட்டுனா அது எந்தப் பனியில வந்து இழுக்கும்? அண்ணாச்சி ரொம்ப நேரம் தாடையைத் தடவுனாரு. இரவலுக்குன்னு அவருகிட்ட முறை எதுவும் இல்ல. கடைசியில இழுப்புத் தாள்ல முத்துச்செல்வி பேரை அடிச்சுட்டு, புஷ்பக்கனி பேரை எழுதி, அதுக்குக் கீழே, முத்துச்செல்விக்கு இரவல் உண்டு, தாள் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே உரியதுன்னு எழுதுனாரு. எழுதிட்டு, விடலையே, புஷ்பக்கனியோட பாட்டி தங்கச்சி வரைக்கும் விசாரிச்சுட்டுத்தான் சீலைக் குத்துனாரு. செண்பகா அப்புறம் கேட்டா, எதுக்குத் தாளு, போட்டோ எடுத்து அனுப்பினா ஆகாதான்னு. எடுத்துப் பாத்தாங்க. போட்டோவுக்கு அது வரல.

புதன் சாயங்காலம் ஆறு மணிக்கு புஷ்பக்கனி தாளை மடியில வச்சு, முன்னால குனிஞ்சு உக்காந்து அதை வாங்கிக்கிட்டா. அந்த நேரத்துல முத்துச்செல்வி தன் ஃபைலோட சென்னை ரயிலுல இருந்தா. இப்போ அது நாலே தாளு, அதுல ஒரு சிவப்பு மை வரி. மறுநாளு டாக்டரு குழாயை நெஞ்சுல வச்சு, முதுகுல வச்சு, நல்லா மூச்சை இழுங்கன்னாரு. இழுத்தா. வயசு அம்பத்தெட்டுக்கு நல்ல உடம்பும்மா, பதினேழு பிரசவம்னு எவனோ தப்பா எழுதிருக்கான், இதை அடிச்சுறவான்னு கேட்டாரு. ஒரு தாளோட பின்பக்கத்துல அது ஒட்டிக்கிட்டு வந்திருச்சு. அடிங்கன்னா.

கார்த்திகை கடைசியில தெரு முழுக்க பஸ் ஸ்டாண்டுக்கு வந்துச்சு, நொண்டுறவங்க நொண்டிக்கிட்டு, முதுகைப் பிடிச்சவங்க பிடிச்சுக்கிட்டு. புஷ்பக்கனி ஒரு மஞ்சப் பையை நீட்டுனா, உள்ளே பருப்புப்பொடிக்கும் வத்தலுக்கும் நடுவுல அந்தத் தாளு. பத்திரமா வச்சுக்கோங்க மதினின்னா. அந்த மார்கழி முழுக்க விடியக்காலையில பனிக்குள்ள இறங்கி, தலையில துண்டு கூடக் கட்டாம, ஆளுயரத்துக்குக் கோலம் போட்டா. மனுசங்க நடக்க வழியில்லன்னு சங்கரபாண்டி முதுகைப் பிடிச்சுக்கிட்டே ஏசுனாரு. அங்க முத்துச்செல்வி, மக கொண்டையில பூ வைக்கப் போனா தலைமுடியைக் குட்டையா வெட்டியிருக்காளேன்னு திகைச்சு, காதோரம் ஒரு கொண்டை ஊசியால குத்தி வச்சுவிட்டுக்கிட்டு இருந்தா.

பங்குனி முடியப்போகையில அங்க காத்து சில்லிட ஆரம்பிச்சுது. முத்துச்செல்வி தாளை ஒரு கவர்ல போட்டு, பதிவுத் தபால்ல சேத்தா. பதினாறு நாளு அது எங்கெங்கேயோ பறந்து, சித்திரை வெயிலுல மாவுமில் தெருவுக்கு வந்துச்சு. தபால்காரரு ராஜகோபாலு தெருமுனையிலேயே சைக்கிளை விட்டு இறங்கி, உஸ் உஸ்னு இழுத்துக்கிட்டு, சுவத்தைப் பிடிச்சுப் பிடிச்சு வந்து சேந்தாரு. முன்னால குனிஞ்சு உக்காருங்கன்னு புஷ்பக்கனி அவருக்கு வெந்நீர் குடுத்து, கையெழுத்துப் போட்டு கவரை வாங்குனா. வாங்குன நிமிஷம் அவரு எந்திரிச்சு, மணியடிச்சுக்கிட்டே போனாரு, எதையும் கேக்கல. அவருக்கும் வேற கவருங்க இருந்துச்சு.

தாளோட ஒரு துண்டுச்சீட்டு இருந்துச்சு. ஹாஸ்டல்ல விட்ட பிள்ளையைப் பத்தி எழுதுற மாதிரி எழுதியிருந்தா முத்துச்செல்வி. புஷ்பக்கனிக்கு எழுதுறது, உன் இழுப்பு நல்லபடியா இருந்துச்சு. மொத்தமே ரெண்டு தடவைதான் எட்டிப் பாத்துச்சு. வெள்ளைக்காரங்க முன்னாடி வரவே வராது, வெக்கம். இங்க சுத்திலும் ஆப்பிள் தோட்டம், அதை மட்டும் ரொம்பப் பிடிச்சுப்போச்சு, சாயங்காலமானா ஜன்னல்கிட்டப் போயி நின்னுக்கும்.

அன்னைக்கு ஆறு மணிக்கு அது வந்துச்சு. வெயில் இன்னும் இறங்கல, தெருவே அடுப்பு மாதிரி இருந்துச்சு, அதனால லேசா, கதவைத் தட்டுற மாதிரி ஒரே ஒரு இழுப்பு. அதுல ஆப்பிள் வாசனை அடிச்சுது. புஷ்பக்கனி கண்ணை மூடிக்கிட்டு இன்னொருக்கா இழுத்துப் பாத்தா.